வயதைக் கேட்கட்டும், ஆளைக் கேட்க வேண்டாம்

இணையத்தில் வயதைச் சரிபார்க்கச் சொல்லும் சட்டங்கள் ஒவ்வொரு நாடாக வந்துகொண்டிருக்கின்றன, அதைப் பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். நிறையப் பேர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அந்தரங்கத்தைப் பற்றிய பகுதியில் அது நியாயமான வேண்டுகோள்தான். அதனால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

மதுரையிலிருந்து ஒரு அம்மா: என் பையனுக்கு 13 வயது. இன்ஸ்டாகிராமில் அவன் வயது 21 என்று இருக்கிறது! ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே யாருக்கும் கணக்கே கிடையாது என்று செய்துவிட்டார்களாம். நம் ஊர் ஐகோர்ட்டும் அதையே சொன்னதாகப் படித்தேன். இங்கே ஏன் இன்னும் செய்யவில்லை?

கோர்ட் சொன்னதை முதலில் சரியாகப் பார்த்துவிடுவோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 டிசம்பரில், பிள்ளைகளுக்கு ஆபாசப் படங்கள் சுலபமாகக் கிடைப்பது பற்றிய ஒரு பொதுநல வழக்கில், ஆஸ்திரேலியாவைப் போல ஒரு சட்டம் கொண்டுவர முடியுமா என்று மத்திய அரசு ஆராயலாம் என்றது. அது யோசனைதான், உத்தரவு இல்லை.

ஆஸ்திரேலியச் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட் என்று 10 தளங்களில் 16 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கு வைத்திருக்கக் கூடாது. வாட்ஸ்அப் அந்தப் பட்டியலில் இல்லை. லாகின் செய்யாமல் யூடியூப் பார்ப்பதையும் யாரும் தடுக்கவில்லை. தவறினால் அபராதம் நிறுவனத்துக்குத்தான், அதிகபட்சம் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. தொடங்கிய கொஞ்ச நாளிலேயே சுமார் 47 லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டதாக அந்த நாட்டு அரசு சொன்னது.

சரி, எனக்கு இதில் உறுத்துவது என்ன என்றால், உங்கள் பையன் 21 என்று போட்டிருக்கிறான், நீங்கள் 41 என்று போட்டிருப்பீர்கள், நிறுவனத்தைப் பொறுத்தவரை இரண்டுமே யாரோ தட்டிவிட்ட எண். உங்கள் பையனைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் உங்களையும் சோதித்தாக வேண்டும், உங்கள் மாமியாரையும் சோதித்தாக வேண்டும். பிள்ளைகளுக்கான சட்டம் என்று பெயர் வைத்தாலும் சோதனை மொத்த ஊருக்கும்தான். ஆஸ்திரேலியாவில் நிறையப் பெரியவர்களிடம் எதையும் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம், கணக்கு எத்தனை வருடமாக இருக்கிறது, என்ன பார்க்கிறார், யாரோடு பேசுகிறார் என்பதையெல்லாம் வைத்து அந்த நிறுவனங்களால் வயதை ஊகித்துவிட முடிகிறது என்பதுதான். எனக்கு அது நிம்மதி தரவில்லை.

அந்தச் சட்டத்தில் பாராட்ட வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. அரசு அடையாள அட்டையைக் காட்டினால்தான் ஆயிற்று என்று ஒரு தளம் பிடிவாதம் பிடிக்க முடியாது, வேறு வழியும் கொடுத்தாக வேண்டும். வயதைப் பார்ப்பதற்காக வாங்கிய தகவலை வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால் இந்த இரண்டும் அதில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன், வயது வரம்பு 16 ஆ 18 ஆ என்பதெல்லாம் அப்புறம்.

உங்கள் பையன் விஷயத்தில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் எதிரிலேயே பிறந்த தேதியைத் திருத்துங்கள். இன்ஸ்டாகிராமில் பதின்வயதினருக்கான கணக்கு தனியாக இருக்கிறது. அதில் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், அவன் பின்தொடராத ஆட்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, 16 வயதுக்குக் கீழே இருந்தால் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த உங்கள் அனுமதி வேண்டும். 21 என்று பொய்யாக இருப்பதால் இன்றைக்கு அவனுக்கு இது எதுவுமே கிடைக்கவில்லை.

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்: 2025 ஜூலைக்குப் பிறகு சில தளங்கள் செல்ஃபி எடு, இல்லையென்றால் பாஸ்போர்ட்டைக் காட்டு என்கின்றன. எதைக் கொடுப்பது நல்லது?

எந்தத் தளம் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம்.

பிரிட்டனின் ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. ஆபாசம், தற்கொலையையும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதையும் தூண்டும் பதிவுகள், பட்டினி கிடந்து இளைப்பதைப் புகழும் பதிவுகள் இதெல்லாம் 18 வயதுக்குட்பட்டவர்கள் கண்ணில் படக் கூடாது என்ற பகுதி 2025 ஜூலை 25 முதல் அமலில் இருக்கிறது. 'எனக்கு 18 ஆகிவிட்டது' என்ற பட்டனைத் தட்டினால் இனி போதாது. மேற்பார்வை அந்த நாட்டின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கையில். மீறும் நிறுவனத்துக்கு 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம் போகும். இதே வேலையை 2017-இல் ஒரு சட்டம் போட்டுச் செய்யப் பார்த்து, 2019 அக்டோபரில் கைவிட்டதும் அதே நாடுதான்.

செல்ஃபி, பாஸ்போர்ட் இரண்டு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கிரெடிட் கார்டு, வங்கி, மொபைல் கம்பெனி வழியாகச் சரிபார்ப்பது, மின்னஞ்சல் முகவரியை வைத்து ஊகிப்பது எல்லாவற்றையும் ஆஃப்காம் ஏற்கிறது. டெபிட் கார்டு செல்லாது, அது அங்கே சிறுவர்களிடமும் இருக்கும். என் வரிசையைச் சொல்கிறேன்: தளம் இடம் கொடுத்தால் மொபைல் கம்பெனி அல்லது கிரெடிட் கார்டு, அது இல்லையென்றால் செல்ஃபி, வேறு வழியே இல்லை என்றால்தான் பாஸ்போர்ட். நீங்கள் யார் என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவரை வைத்து முடித்துக்கொண்டால் புதிதாக ஒரு இடத்தில் உங்கள் ஆவணம் போய் உட்காராது. அதுதான் கணக்கு.

செல்ஃபி எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். திரையில் முட்டை வடிவத்தில் ஒரு கோடு வரும், முகத்தை அதற்குள் வைக்கச் சொல்லும், சில சமயம் தலையைத் திருப்பு, வாயைத் திற என்கும். யாரோ ஒருவருடைய போட்டோவைக் கேமரா முன்னால் நீட்டி ஏமாற்றவில்லையே என்று பார்ப்பதற்காக அது. பிறகு ஏராளமான முகங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், இந்த முகத்துக்கு இத்தனை வயது இருக்கலாம் என்று ஒரு ஊகம் சொல்லும். நீங்கள் யார் என்று தேடுவது அதன் வேலை இல்லை. ஊகத்தில் பிசகு உண்டு என்பதால் 18-இல் கோடு போடாமல், 25 வயது போலத் தெரிந்தால்தான் உள்ளே விடு என்று சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். 19, 20 வயதுப் பிள்ளைகள்தான் பாவம், இதில் மாட்டிக்கொண்டு கடைசியில் அடையாள அட்டையைக் காட்டவேண்டி வருகிறது. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024-இல் இப்படிப்பட்ட 6 மென்பொருள்களைச் சோதித்தபோது ஆண் முகங்களைவிடப் பெண் முகங்களில் கிட்டத்தட்ட எப்போதும் பிழை அதிகமாக இருந்தது. பிறந்த நாட்டுக்கு ஏற்பவும் முடிவு மாறியது. இன்னொரு பக்கம், பிரிட்டனில் சட்டம் அமலான முதல் நாட்களிலேயே சிலர் வீடியோ கேம் பாத்திரத்தின் முகத்தைக் கேமராவுக்குக் காட்டி உள்ளே போய்விட்டார்கள்.

கொடுப்பதற்கு முன்னால், சரிபார்ப்பது அந்தத் தளமா, வேறு நிறுவனமா, எத்தனை நாள் வைத்திருக்கும் என்று படியுங்கள். ரெடிட் பிரிட்டனில் பெர்சோனா என்ற நிறுவனத்தை வைத்துச் செய்கிறது, படம் 7 நாளுக்கு மேல் இருக்காது, ரெடிட்டின் கைக்கே வராது என்று சொல்லியிருக்கிறார்கள். இப்படி நாள் கணக்கு எதுவும் எழுதாத இடத்தில் கொடுக்காதீர்கள். சரிபார்ப்பு சரியாக வரவில்லை, பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பு என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். ஏன் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கோவையிலிருந்து ஒரு மென்பொருள் ஊழியர்: தப்பு செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்? என் அடையாள அட்டையைப் பார்த்து யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. அவர்களுடைய வாடிக்கையாளர் சேவையைப் பார்த்துக்கொண்ட வெளி நிறுவனம் ஒன்றில் யாரோ புகுந்துவிட்டார்கள், சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று. அந்த 70,000 பேர் யார் என்று பாருங்கள். வயது விஷயத்தில் தங்களைத் தப்பாக எடைபோட்டுவிட்டார்கள் என்று முறையிட்டவர்கள். நான் வயது வந்தவன்தான், இதோ பாருங்கள் என்று நேர்மையாக அட்டையை அனுப்பியவர்கள். பொய் சொல்லிவிட்டு உள்ளே போனவனுக்கு ஒன்றும் ஆகவில்லை!

அதே வருடம் ஜூலையில் அமெரிக்காவில் டீ என்ற ஆப். பெண்கள் மட்டும் சேரலாம் என்பதால் செல்ஃபியும் அடையாள அட்டையும் கேட்டுத்தான் சேர்த்தார்கள். கசிந்த 72,000 படங்களில் சுமார் 13,000 அப்படி வாங்கியவை. பெண்களின் பாதுகாப்புக்காக என்று தொடங்கிய இடத்தில் அந்தப் பெண்களின் முகங்களே இணையத்தில் சுற்றின. இது வயதுச் சட்டத்தால் நடந்தது இல்லை, ஆனால் அட்டையை வாங்கி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தப்பு செய்யாதவர்கள் என்றீர்கள். வன்முறைக்கு ஆளாகி, வீட்டில் சொல்ல முடியாமல், ராத்திரி இணையத்தில் தன்னைப் போன்றவர்களைத் தேடும் பெண் என்ன தப்பு செய்தாள்? குடியை விடப் பார்க்கிற ஒருவர், தன் துறையில் நடக்கும் ஊழலைப் பெயர் சொல்லாமல் எழுதுகிற அரசு ஊழியர், தான் விரும்புவது ஆணையா பெண்ணையா என்று சின்ன ஊரில் யாரிடமும் வாயைத் திறக்க முடியாத ஒரு பையன், இவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லாமல் பேச முடிவதுதான் ஒரே கதவு. பிரிட்டனில் சட்டம் வந்ததும் ரெடிட்டில் ஆபாசத்துக்குச் சம்பந்தமே இல்லாத சில உதவிக் குழுக்களும் வயதுப் பூட்டுக்குள் போயின. பூட்டைத் திறக்க முகத்தைக் காட்டு என்றால், காட்ட முடிந்தவர்கள் காட்டுவார்கள். மற்றவர்கள் பேசாமல் திரும்பிப் போய்விடுவார்கள், அவர்கள் போனது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: விபிஎன் போட்டால் முடிந்துவிட்டதே, எதற்கு இவ்வளவு பேச்சு?

பிரிட்டனில் 2025 ஜூலை 25 அன்று புரோட்டான் விபிஎன் என்ற சேவையில் சேருகிறவர்கள் எண்ணிக்கை ஒரு மணி நேரக் கணக்கில் 1,400 சதவீதத்துக்கு மேல் ஏறியது, அவர்களே சொன்னார்கள். நீங்கள் நினைத்ததைத்தான் அங்கே எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். ஆனால் விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் இன்னொரு நிறுவனத்தின் வழியாக அனுப்புவது, அதனால்தான் நீங்கள் வேறு நாட்டில் இருப்பதுபோலத் தளத்துக்குத் தெரிகிறது. காசு வாங்காமல் கொடுக்கிறவர் எதை விற்றுச் சம்பாதிக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது குற்றம் இல்லை, ஆனால் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. பல பெரிய விபிஎன் நிறுவனங்கள் தங்கள் சர்வர்களையே இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன.

சென்னை அம்பத்தூரிலிருந்து ஒரு அப்பா: 18 வயது வரைக்கும் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டதாமே? எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஒரே ஸ்மார்ட்போன். இது எப்படி நடக்கும்?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருப்பதால் முக்கியமான பகுதிகள் 2027 மே வாக்கில்தான் கடிக்கத் தொடங்கும். அதன் 9-ஆவது பிரிவுதான் உங்கள் கேள்வி. 18 முடியாத ஒருவரின் தகவலைக் கையாள, பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பின்தொடர்வதும், அதை வைத்து அவர்களுக்குக் குறிபார்த்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இந்த இரண்டாவது பாதியை நான் மனதார வரவேற்கிறேன். பிள்ளைகளை விட்டுவிடாமல் திரையில் பிடித்துவைக்கும் வியாபாரமே அவர்களைக் கண்காணிப்பதில்தான் தொடங்குகிறது. யாருடைய அட்டையும் கேட்காமல் அதன் கையைக் கட்டிப்போடும் பகுதி இது.

முதல் பாதிதான் சிக்கல். அமெரிக்காவில் இந்தக் கோடு 13 வயது, ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு 13 முதல் 16 வரை. நாம் 18 என்று போட்டிருக்கிறோம். கல்லூரி முதல் வருடம் சேர்ந்து, வெளியூர் விடுதியில் தங்கி, தானே துணி துவைத்துக்கொண்டு படிக்கும் 17 வயதுப் பெண்ணும், யூடியூபில் பொம்மை பார்க்கும் 7 வயதுக் குழந்தையும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. மருத்துவமனை, பள்ளி போன்றவற்றுக்கு விதிகளில் சில விலக்குகள் இருக்கின்றன, ஆனால் அந்தப் பெண் சேர நினைக்கும் சாதாரண வாசிப்புக் குழுவுக்கு விலக்கு இல்லை. வீட்டிலேயே துன்புறுத்தப்படும் பிள்ளை உதவி தேடி ஓர் இடத்தில் கணக்குத் தொடங்க, துன்புறுத்துகிறவரிடமே சம்மதம் வாங்கிவா என்றால் என்ன செய்யும்? (அப்படிப்பட்ட பிள்ளை யாராவது இதைப் படித்தால்: 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க யார் சம்மதமும் வேண்டாம், காசும் வேண்டாம்.)

ஒரே போன் விஷயத்துக்கு வருகிறேன். விதிகளின்படி பெற்றோர் என்று சொல்பவர் வயது வந்தவர்தானா என்பதை, நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தை வைத்தோ, அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் போன்ற இடத்திலிருந்து வரும் டோக்கனை, அதாவது ஒரு மின்னணுச் சீட்டை வைத்தோ பார்க்கலாம். பிள்ளை தானாக முன்வந்து 'எனக்கு 15' என்று உண்மையைச் சொன்னால் அப்படி நடக்கும். உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? கணக்கு உங்கள் பெயரில், சிம் உங்கள் பெயரில், ஓடிபி அதே போனுக்கு வரும், பையன் அதைப் பார்த்துத் தட்டிவிடுவான். ஆப்புக்கு 45 வயது ஆள் ஒருவர்தான் தெரிவார். அந்தக் கண்காணிப்புத் தடையும் விளம்பரத் தடையும் பையனுக்கு அப்போது கிடைக்காது. ஆண்ட்ராய்டு போனில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்கு வைக்கும் வசதி இருந்தால் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று போட்டுக் கொடுங்கள், இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது அதுதான்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: ஆன்லைன் ரம்மி விளையாட ஆதார் கொடுத்திருந்தேன். இப்போது அந்த ஆட்டமே நின்றுவிட்டது. என் ஆதார் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை இன்னும் பல பேர் கேட்டிருக்க வேண்டும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் விதிமுறை வந்தது: 18 வயதுக்குக் கீழே கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன, ஆதார் கேட்பது அந்தரங்க உரிமையைத் தொடுகிறது என்பதும் ஒரு வாதம். 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விதிமுறை செல்லும் என்றது. ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களின் குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம், அதனால் அரசு தலையிட்டதை நான் குறை சொல்லவில்லை. அப்புறம் ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆட்டம் போனது. அதற்காக வாங்கிய விவரங்கள் தானாகப் போகாது.

வரிச் சட்டம், பணமோசடித் தடுப்புச் சட்டம் என்று காரணம் காட்டிச் சில வருடம் வைத்திருக்க வேண்டும் என்று நிறுவனம் சொல்லலாம். சொல்லட்டும், எழுத்தில் சொல்லட்டும். ஆப்பின் தனியுரிமைப் பக்கத்தில் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் இருக்கும். என்னுடைய எந்தெந்த விவரம் உங்களிடம் இருக்கிறது, எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் தேதி வரை வைத்திருப்பீர்கள், அதன் பிறகு அழித்ததற்கு என்ன ஆதாரம் தருவீர்கள் என்று கேட்டு எழுதுங்கள், அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அழிக்கக் கேட்கும் உரிமை 2023 சட்டத்தில் இருக்கிறது, அது முழுதாக அமலுக்கு வரும்போது பழைய கடிதம் உங்களுக்குப் பலம்.

கிள்ளான், மலேசியாவிலிருந்து ஒரு ஆசிரியை: எங்கள் நாட்டிலும் 16 வயது வரம்பு என்கிறார்கள். மைகார்டை, அதாவது எங்கள் தேசிய அடையாள அட்டையைக் கேட்பார்களா?

2026 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு இருக்காது என்று அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் 2025 நவம்பரில் அறிவித்தபோது மைகார்டு, பாஸ்போர்ட் போன்ற ஆவணங்களை வைத்துச் சரிபார்ப்பது பற்றித்தான் பேசினார். ஆஸ்திரேலியாவிலிருந்து வயது வரம்பை எடுத்துக்கொண்டவர்கள், அடையாள அட்டை மட்டுமே ஒரே வழியாக இருக்கக் கூடாது என்ற பகுதியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இதைக் கேள்வியாக எழுப்புங்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு வாசகி: இவ்வளவு குறை சொல்கிறீர்களே, நான் யார் என்று சொல்லாமலே என் வயதை மட்டும் நிரூபிக்கத் தொழில்நுட்பத்தில் வழியே இல்லையா?

இருக்கிறது, அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம்.

தியேட்டரில் ஏ சான்றிதழ் படத்துக்குப் போனால் வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் அட்டையைக் கேட்பார், பார்த்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். உங்கள் பெயரை நோட்டில் ஏற்றுவதில்லை, நகல் எடுப்பதில்லை, இன்னார் இன்ன படத்துக்கு வந்தார் என்று உங்கள் ஊருக்குத் தகவல் சொல்வதில்லை. இதைக் கணிதத்தால் இணையத்தில் செய்ய முடியும். உங்கள் வயது தெரிந்த ஒரு அமைப்பு, வங்கியோ அரசோ, 'இவருக்கு 18 முடிந்தது' என்ற ஒரே ஒரு வரியில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு உங்கள் போனில் வைத்துவிடும். தளம் கேட்கும்போது உங்கள் போன் அந்தக் கையெழுத்தையே நீட்டுவதில்லை. சரியான கையெழுத்து என்னிடம் இருக்கிறது என்பதற்கான நிரூபணத்தை மட்டும், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றை, உருவாக்கிக் கொடுக்கும். நீங்கள் எங்கே போனீர்கள் என்பது கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியாது. நீங்கள் யார் என்பது தளத்துக்குத் தெரியாது. இரண்டு தளங்கள் கூட்டுச் சேர்ந்து பார்த்தாலும் வந்தது ஒரே ஆள்தானா என்று பொருத்திப் பார்க்க முடியாது.

பிரான்ஸில் அர்காம் என்ற மேற்பார்வை அமைப்பு 2024-இல் போட்ட விதி, ஆபாசத் தளங்கள் இப்படி இரண்டு பக்கமும் மறைந்திருக்கும் வழி ஒன்றையாவது கொடுத்தாக வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் ஒரு மாதிரி ஆப்பை வெளியிட்டு டென்மார்க், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் சோதிக்கத் தொடங்கியது. கலிபோர்னியா வேறு பாதையில் போகிறது: 2025 அக்டோபரில் கையெழுத்தான சட்டப்படி, 2027 முதல் போனை முதலில் தயார்செய்யும்போதே பெற்றோர் பிள்ளையின் வயதைப் போட்டுவிடலாம், போன் ஆப்புகளுக்கு எந்த வயதுப் பிரிவு என்பதை மட்டும் சொல்லும். அட்டை கேட்பதில்லை. பொய் சொல்ல இடம் இருக்கிறது என்பீர்கள், உண்மைதான், ஆனால் 10 வயதுப் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பெரும்பாலும் அங்கே பொய் சொல்ல மாட்டார்கள். எனக்குப் பிடித்தது இந்த வழிதான், சின்னப் பிள்ளைகளைப் பொறுத்தவரை.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. ஸ்மார்ட்போன் இல்லாதவர், ஆவணம் இல்லாதவர், அகதியாக வந்தவர் வெளியே நிற்பார். அக்காவின் போனைத் தம்பி வாங்கிக்கொண்டு போவான். அதைவிட, வாசல் என்று ஒன்றை வைத்துவிட்டால் நாளைக்கு அதே வாசலில் வயதுக்குப் பதிலாக வேறு எதையாவது கேட்கலாம் என்று ஏதோ ஒரு அரசுக்குத் தோன்றும். அதற்குக் கணிதத்தில் பதில் கிடையாது, சட்டத்தில்தான் இருக்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது, அதில் அரசு கைவைத்தால் நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னார்கள். வயது மட்டும் போதுமான இடத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி, முகம் எல்லாவற்றையும் கேட்பது அந்த அளவைத் தாண்டுகிறது என்பதே என் கருத்து. ஆதாரின் கியூஆர் கோடில் டிஜிட்டல் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது, வேண்டிய தகவலை மட்டும் பகிரும் வசதியோடு புதிய ஆப்பும் 2025-இல் வந்துவிட்டது. செய்ய முடியாது என்று இந்தியாவில் யாரும் சொல்ல முடியாது.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: எங்கே போனாலும் வயதுக்கு ஆதார் நகல் கேட்கிறார்கள். கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் என்ன செய்யலாம்?

வேறு ஆவணம் ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். ஆதார்தான் என்றால் ஆதார் ஆணையத்தின் தளத்தில் மறைக்கப்பட்ட ஆதார் கிடைக்கும், முதல் 8 எண்கள் தெரியாது, கடைசி 4 மட்டும் இருக்கும், அதைக் கொடுங்கள். எண்ணையே கேட்டால் ஆதாருக்குப் பதிலாக 16 இலக்க மெய்நிகர் எண் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம், வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். நகல் கொடுத்தால் எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று அதன் மேலேயே குறுக்காக எழுதிவிடுங்கள். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் அதே தளத்தில் உண்டு. கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதாரை யார் யார் சரிபார்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலையும் அங்கே பார்க்கலாம், அவ்வப்போது பாருங்கள். தெரியாத பதிவு இருந்தால் 1947-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம்.